தோல் சாயத்தை நீர்க்க வைத்து நினைத்த நிறத்தைக் கொண்டுவருவது எப்படி

பாட்டிலின் மேல் இளம்பழுப்பு என்று போட்டிருக்கும். ஆசையாகத் திறந்து, பல நாள் பார்த்துப் பார்த்து வெட்டி வைத்த தோலில் ஒரு இழுப்பு இழுத்தால் பழைய செங்கல் மாதிரி ஒரு நிறம் வந்து உட்காரும், அதுவும் பாதி இடத்தில் அடர்த்தியாக, பாதி இடத்தில் வெளிறி. தோல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போகிறார்கள், தப்பான பாட்டில் வாங்கிவிட்டோம் என்று நினைத்து இன்னொன்று வாங்குகிறார்கள். பாட்டிலில் தவறு எதுவும் இல்லை. சாயம் பெரும்பாலும் கெட்டியாகத்தான் விற்கப்படுகிறது, அதை எவ்வளவு நீர்க்க வைத்து எத்தனை முறை பூசுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதை எப்படி முடிவு செய்வது என்று தெரிந்துவிட்டால் ஒரே பாட்டிலில் இருந்து பத்துப் பன்னிரண்டு நிறம் எடுக்கலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. சாயம் வேறு, பெயின்ட் வேறு. பெயின்ட் தோலின் மேல் படலமாக நிற்கும், அடியில் இருப்பதை மறைக்கும், வெளிற வேண்டுமென்றால் வெள்ளையைக் கலப்போம். சாயம் நாருக்குள் இறங்குகிறது, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற நிறம் அது, எனவே அடியில் இருக்கும் தோலின் நிறமும் சேர்ந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இங்கே வெள்ளையின் வேலையைச் செய்வது தோல்தான். நீர்க்க நீர்க்க ஒரே இடத்தில் இறங்கும் நிறப்பொருள் குறையும், தோலின் சொந்த நிறம் அதிகமாக எட்டிப் பார்க்கும். இதனால் வெளிறிய நிறத்தில் இருந்து அடர்ந்த நிறத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், திரும்பி வர முடியாது.

எதில் கரைப்பது

பாட்டிலில் எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள். ஸ்பிரிட் சாயம், அதாவது ஆல்கஹாலில் கரைத்த சாயம் என்றால், அதை நீர்க்க வைக்க அதே நிறுவனம் விற்கும் தின்னர் முதல் தேர்வு, அது இல்லாவிட்டால் டீநேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த ஆல்கஹால்) அல்லது 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடைகளில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி 30 சதவீதம் தண்ணீர், அது மெதுவாகக் காயும், தோலை ஈரமாக்கும், சில சாயங்கள் அதில் சரியாகக் கரையாமல் அடியில் தங்கும். நீர்ச் சாயம் என்றால் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் காய்ச்சி வடித்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சாயம் என்ற பெயரைப் பார்த்து யாரும் சமையல் எண்ணெயை ஊற்றிவிட வேண்டாம், அந்தப் பெயரில் வருகிற சிலவற்றிலும் அடிப்படைத் திரவம் ஆல்கஹால் வகைதான், ஆகவே அங்கும் பாட்டில் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் கரைப்பானை ஊற்றி அதில் நாலு சொட்டு சாயம் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். அடியில் துகள் படிந்தாலோ திரிந்து நூல் நூலாக நின்றாலோ அந்த ஜோடி ஒத்துப்போகாது. தெளிவாக ஒரே சீராக இருந்தால் சரி. மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர், நகப்பூச்சு நீக்கி இந்தப் பக்கமெல்லாம் போகவே போகாதீர்கள். அதேபோல ஸ்பிரிட் சாயத்தையும் நீர்ச் சாயத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், அதன் ஆவியும் பிடிக்கும். சில டீநேச்சர்டு ஸ்பிரிட்களில் மெத்தனால் இருக்கிறது, அது மூச்சு வழியாகவும் நம் சருமம் வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடிய விஷம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், அடுப்பு, சிகரெட், எரியும் விளக்கு எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஈரத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

சாயம் ஏறுகிற தோல்தானா

கடையில் ஏற்கனவே நிறம் ஏற்றி மினுக்குப் பூச்சு கொடுத்த தோலில் நீங்கள் எவ்வளவு கணக்காகக் கலந்தாலும் பிரயோஜனம் இல்லை, சாயம் உள்ளே போகாது. தாவரப் பதனீடு செய்த (மரப்பட்டை போன்றவற்றின் சாற்றில் பதப்படுத்திய), மேல்பூச்சு இல்லாத, வெளிறிய தோல்தான் இதற்கு ஏற்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் உறிஞ்சிக் கறுத்தால் சாயம் ஏறும், முத்து மாதிரி உருண்டு நின்றால் ஏறாது.

அந்தத் தோலிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. முதுகுப் பகுதியில் நார் நெருக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி தளர்வாக இருக்கும், தளர்வான இடம் சாயத்தை அதிகம் குடித்து அடர்த்தியாகத் தெரியும். வெட்டிய விளிம்பும் சதைப்பக்கமும் இன்னும் அதிகம் குடிக்கும். அதனால் சோதனைக்கு எடுக்கும் துண்டு வேலைக்கு எடுத்த அதே தோலில், முடிந்தால் அதே பகுதியில் மிஞ்சிய துண்டாக இருக்க வேண்டும். வேறொரு தோலில் செய்த சோதனையை நம்பி முடிவெடுப்பது வீண். விரல் ரேகை, பசை, பழைய எண்ணெய் இருக்கிற இடத்தில் சாயம் பிடிக்காது, எனவே பூசுவதற்கு முன் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் முழுப் பரப்பையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள். பசைக் கறை அதற்கெல்லாம் அசையாது, ஒட்டும்போதே கவனமாக இருப்பதுதான் வழி.

பாதி பாதியாக இறங்கும் ஏணி

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய பகுதி. புதிதாக வருகிறவர்கள் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று வரிசையாகக் கலந்து பார்ப்பார்கள், கொஞ்ச தூரம் போனதும் ஒன்றுக்கு ஒன்பதுக்கும் ஒன்றுக்குப் பத்துக்கும் எந்த வித்தியாசமும் தெரியாமல் குழம்புவார்கள். நம் கண் கூட்டல் கணக்கில் பார்ப்பதில்லை, பெருக்கல் கணக்கில் பார்க்கிறது. அடர்த்தியைப் பாதியாக்கினால்தான் ஒரு படி இறங்கினதாகத் தோன்றும், அதைப் பாதியாக்கினால் இன்னொரு படி.

சின்னக் கண்ணாடிக் குவளை ஆறு, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று, இவ்வளவு இருந்தால் போதும். முதலில் சாய பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் படிந்திருக்கும் நிறப்பொருள் முழுதும் மேலே வர வேண்டும். நிறையப் பேர் மறப்பது இதைத்தான். குலுக்காமல் மேலாக எடுத்துக் கலந்தால் இன்று வந்த நிறம் நாளைக்கு வராது. முதல் குவளையில் 8 மி.லி. சாயம் ஊற்றுங்கள். மற்ற ஐந்திலும் ஆளுக்கு 4 மி.லி. கரைப்பான் மட்டும். இப்போது முதல் குவளையில் இருந்து 4 மி.லி. எடுத்து இரண்டாவதில் விட்டுக் கலக்குங்கள், அது 1:1, அதாவது ஒரு பங்கு சாயத்துக்கு ஒரு பங்கு கரைப்பான். இரண்டாவதில் இருந்து 4 மி.லி. எடுத்து மூன்றாவதில் விட்டால் 1:3. அங்கிருந்து நாலாவதில் 1:7, ஐந்தாவதில் 1:15, ஆறாவதில் 1:31. வெறும் 8 மி.லி. சாயத்தில் ஆறு படி கொண்ட ஏணி தயார்.

இப்போது மிச்சத் தோலில் நீளவாக்கில் ஆறு துண்டு வெட்டுங்கள். ஒரே துண்டில் கட்டம் போட்டுப் பூசினால் சாயம் நார் வழியே பக்கத்துக் கட்டத்துக்கு ஊறிப் போகும், தனித்தனித் துண்டுதான் நல்லது. பின்பக்கத்தில் விகிதத்தைக் கீறிக் குறியுங்கள், பேனாவில் எழுதினால் ஸ்பிரிட் பட்டு மை கலைந்துவிடும். துண்டு முழுதும் ஒரு பூச்சு கொடுங்கள். காய்ந்ததும் மூன்றில் இரண்டு பங்குக்கு இரண்டாவது பூச்சு. அதுவும் காய்ந்ததும் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு மூன்றாவது பூச்சு. ஆறு துண்டு, ஆளுக்கு மூன்று நிறம், மொத்தம் பதினெட்டு.

அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும். 1:3 ஒரு பூச்சும் 1:7 இரண்டு மூன்று பூச்சும் ஏறக்குறைய ஒரே நிறத்துக்கு வந்து நிற்கும். அப்படி இரண்டு வழி இருக்கும்போது எப்போதும் நீர்த்ததை எடுத்துப் பல பூச்சு கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கெட்டிச் சாயத்தில் கை நின்ற இடமெல்லாம் கறை, ஒரு பூச்சு மேல் இன்னொன்று ஏறின இடமெல்லாம் கோடு. நீர்த்த சாயத்தில் ஒவ்வொரு தவறும் சின்னதாக இருக்கும், அடுத்த பூச்சில் கரைந்து போகும். நேரம் அதிகம் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

காயும் வரை எந்த முடிவும் வேண்டாம்

ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும். காய்ந்தால் வெளுக்கும். அதன் மேல் எண்ணெய் தடவினால் மறுபடி கறுக்கும், மேல்பூச்சு கொடுத்தால் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். இந்த நாலு கட்டத்திலும் நாலு நிறம் தெரியும், கடைசியில் நிற்பது ஒன்றுதான். அதனால் சோதனைத் துண்டுகளை இரவு முழுவதும் காயவிட்டு, நீங்கள் வேலையில் பயன்படுத்தப்போகும் அதே எண்ணெய், அதே மேல்பூச்சு எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, பகலில் ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாப் பழுப்பும் அழகாகத்தான் தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோள் பையில். வாரை முதலில் முடித்து எண்ணெய் எல்லாம் தடவி வைத்திருந்தேன். முன்பலகைக்கு, அதாவது பையின் முன்பக்கத் தோல் துண்டுக்கு, சாயம் போட்ட அன்று மாலை காய்ந்து பார்த்தால் வாரை விட வெளிறித் தெரிந்தது, பதறிப்போய் இன்னும் கெட்டியாகக் கலந்து மேலே ஒரு பூச்சு கொடுத்தேன், அப்போது சரியாகப் பொருந்தியது. மறுநாள் எண்ணெய் தடவினேன். அது வாரை விட இரண்டு படி கறுத்துப்போனது. எண்ணெய் போட்ட வாரையும் எண்ணெய் போடாத பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் தவறு, முதல் நாளே அதை விட்டு வைத்திருந்தால் எண்ணெயோடு சரியாக வந்திருக்கும். அந்தப் பலகையைப் புதிதாக வெட்டித் தைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒரே பொருளின் எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே கட்டத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

நீர்த்தால் நிறம் மட்டும் குறைவதில்லை, குணமும் மாறும்

கறுப்பை நீர்க்க வைத்தால் நல்ல சாம்பல் வரும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் நீலம் அல்லது ஊதா சாய்ந்த ஏதோ ஒன்று வரும். அடர் பழுப்பை நீர்க்க வைத்தால் சிலது சிவக்கும், சிலது பச்சை காட்டும். ஏனென்றால் பாட்டிலில் இருப்பது ஒரே நிறப்பொருள் கிடையாது, இரண்டு மூன்று சேர்ந்துதான் அந்த நிறம் வருகிறது, கெட்டியாக இருக்கும்போது ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும், நீர்த்ததும் உள்ளே இருப்பது வெளியே தெரியும். இதை முன்கூட்டியே பார்க்க ஆசையாக இருந்தால் நீர்த்த சாயத்தில் ஒரு சொட்டை வெள்ளை வடிகட்டித் தாளின் நடுவில் விட்டு, அது நின்றதும் அதே இடத்தில் இரண்டு மூன்று சொட்டுக் கரைப்பான் விடுங்கள். நிறம் வட்டமாகப் பரவும்போது பெரும்பாலும் பிரிந்து, ஓரத்தில் ஒரு வளையம், உள்ளே வேறொரு வளையம் என்று தெரியும். எனக்கு இது இன்றும் அலுக்காத காட்சி.

இதனால் ஒரு நல்ல பழக்கம்: வெளிறிய பழுப்பு வேண்டுமென்றால் அடர் பழுப்பை முப்பது மடங்கு நீர்க்க வைப்பதை விட, முதலிலேயே வெளிறிய பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் நீர்க்க வைப்பது மேல். சாயல் எங்கேயாவது சாய்ந்துவிட்டால் எதிர் நிறத்தைச் சொட்டுக் கணக்கில் சேர்த்து அடக்கலாம், சிவப்பு தூக்கினால் துளி பச்சை, ஆரஞ்சு தூக்கினால் துளி நீலம், மஞ்சள் தூக்கினால் துளி ஊதா. துளி என்றால் உண்மையிலேயே துளிதான், பல்குச்சி நுனியில் எடுத்துக் கலக்கிச் சோதித்துப் பிறகுதான் அடுத்தது. எதிர் நிறம் கூடினால் எல்லாம் சேற்று நிறமாகிவிடும். தோலின் சொந்த மஞ்சளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், நீர்த்த நீலம் தோலில் விழுந்தால் பச்சை பக்கம் சாய்வது அதனால்தான்.

வேலைக்கான கலவை

பிடித்த துண்டைத் தேர்ந்தெடுத்தாயிற்று. உதாரணத்துக்கு 1:7, மூன்று பூச்சு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 160 மி.லி. வேண்டுமென்றால் சாயம் 20, கரைப்பான் 140. எல்லாத் துண்டுகளுக்கும் எல்லாப் பூச்சுக்கும் போதுமான அளவை ஒரே முறையில் கலந்துவிடுங்கள், நடுவில் தீர்ந்து மறுபடி கலந்தால் அளவு சரியாகவே இருந்தாலும் சிறிய வித்தியாசம் வந்துவிடும், அது பெரிய பரப்பில் பளிச்சென்று தெரியும். கரைப்பானை முதலில் ஊற்றி அதில் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது பாதுகாப்பு, கடைசி 2 மி.லி.யை நிறுத்தி வைத்து ஒரு துண்டில் சோதித்து, தேவை என்றால் சேருங்கள். சோதனைத் துண்டோடு ஒத்துப்போகாமல் வேலையில் கை வைக்காதீர்கள்.

பூசும்போது பிரஷ் வேண்டாம், கோடு விழும். மென்மையான பழைய பருத்தித் துணி, ஸ்பாஞ்ச், கம்பளி உருண்டை இவற்றில் எது கைக்கு வருகிறதோ அது. நனைத்துப் பிழிந்து, சொட்டாத அளவுக்கு எடுத்து, வேலைத் துண்டின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை நிறுத்தாமல் போங்கள். முதல் பூச்சு இடம் வலமாக, இரண்டாவது மேல் கீழாக, மூன்றாவது வட்ட வட்டமாக. நீர்ச் சாயம் என்றால் தோலை முதலில் ஈர ஸ்பாஞ்சால் சீராக நனைத்துவிட்டுப் பூசுவது நல்லது. ஸ்பிரிட் சாயத்துக்கு முந்தைய நாள் மிக லேசாக நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டின் கால் எலும்பில் இருந்து எடுக்கும், தோலுக்குத் தடவும் எண்ணெய்) தடவி ஊறவிட்டால் சாயம் சீராக இறங்கும், ஆனால் சோதனைத் துண்டுக்கும் அதையே செய்திருக்க வேண்டும். இரண்டு பூச்சுக்கு நடுவில் தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காயட்டும். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், ஆல்கஹால் ஆவிக்குப் பக்கத்தில் சூடான கம்பி ஆபத்து.

திட்டு திட்டாக வந்தால் பயப்பட வேண்டாம், வெளிறிய இடத்தை மட்டும் தேடித் தேடிப் பூசுவதுதான் பெரிய தவறு, முழுப் பரப்புக்கும் நீர்த்த பூச்சு ஒன்று தாராளமாகக் கொடுங்கள், பாதிக்கு மேல் சரியாகிவிடும். வெளிறிவிட்டதா, அதே கலவையில் இன்னொரு பூச்சு. கறுத்துவிட்டதா, ஈரம் இருக்கும்போதே சுத்தமான கரைப்பானால் துடைத்தால் கொஞ்சம் வெளியே வரும், ஆனால் சீராக வராது, பெரும்பாலும் மீதித் துண்டுகளையும் அந்த அடர்த்திக்குக் கொண்டுபோவதுதான் வழி.

முழுதாகக் காய்ந்ததும் உலர்ந்த துணியால் நிறம் ஒட்டாத வரை அழுத்தித் தேயுங்கள். நாருக்குள் போகாமல் மேலே பொடியாக நிற்கும் சாயம்தான் பிற்பாடு சட்டையில் ஒட்டுகிறது. நீர்க்காத கறுப்பிலும் அடர் நீலத்திலும் இது மோசமாக இருக்கும், சில சமயம் செம்பு மாதிரி ஒரு பளபளப்பாகவே மேலே தெரியும். நீர்த்துப் பூசினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஆல்கஹால் தோலின் எண்ணெயை எடுத்துவிடுவதால் தேய்த்த பிறகு லேசாக எண்ணெய் தடவி ஒரு நாள் விடுங்கள். மேல்பூச்சின் முதல் அடுக்கை ஒற்றி எடுங்கள், தேய்த்தால் சாயம் மறுபடி கரைந்து இழுபடும், முக்கியமாக நீர்ச் சாயத்தின் மேல் நீர் சார்ந்த மேல்பூச்சு போடும்போது. வெள்ளை நூலில் தைக்கப்போகிறீர்கள் என்றால் சாயம், தேய்ப்பு, மேல்பூச்சு எல்லாம் முடித்த பிறகே ஊசியை எடுங்கள்.

மிஞ்சின கலவையை இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, சாயத்தின் பெயர், விகிதம், கரைப்பான், எத்தனை பூச்சு, என்ன எண்ணெய், தேதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சோதனைத் துண்டில் ஒரு ஓட்டை போட்டு பாட்டில் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் வைத்தால் ஆல்கஹால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கலவை கெட்டியாகும், அடுத்த முறை எடுக்கும்போது குலுக்கிவிட்டு மிச்சத் தோலில் ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்து, கட்டி வைத்த துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, கறுத்திருந்தால் கரைப்பானைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.